காலிதீன் அண்ணாவியாரின் ஏழு கபுறுப் பாட்டுகள்

மருதமுனைக் காலிதீன் அண்ணாவியாருக்கு இரண்டு தொழில். வீட்டில் தறியில் இடுப்பில் உடுத்தும் சாரம் நெய்வார். கலியாணம் என்றால் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் பொல்லடிப்பார். வட்டமாகச் சுற்றி, பக்கத்தவன் கையிலுள்ள பொல்லில், அதாவது கம்பில், தன் பொல்லைத் தட்டிப் பாடி ஆட வேண்டும். பாட்டு மாப்பிள்ளையைப் புகழ்ந்தால் போதும். அவருக்கு அது சலித்துவிட்டது.

1952 இல் ஏழு பாட்டுக் கட்டினார். ஏழும் ஒரே கதை. ஒருவன் மௌத்தாகிறான், குளிப்பாட்டிக் கபன் துணி இடுகிறார்கள், கபுறில் வைத்து மண் தள்ளுகிறார்கள், மலக்குகள் என்னும் வானவர்கள் வந்து கேள்வி கேட்கிறார்கள். இடையில் நிறுத்தக் கூடாது என்பது அவருடைய சட்டம். இதைப் போய் எங்கே அரங்கேற்றினார் என்கிறீர்கள்? மீராசாவின் மகள் கலியாணத்தில்!

மாப்பிள்ளை படியேறும் நேரம் பார்த்து மண் தள்ளும் பாட்டு வந்தது. குரவையிட வந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மீராசா பாய்ந்து பொல்லைப் பிடுங்கினார்.

"என்ட மருமகன ஊட்டுக்குக் கூட்டி வாறீரா, மையவாடிக்குக் கொண்டு போறீரா, காணும்?"

ஊரின் விமர்சகர் ஜவுபர் மாஸ்டர், வாசிகசாலைக் கையெழுத்துப் பத்திரிகையில், 'இதில் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை' என்று எழுதினார். ஐந்து வருடம் அண்ணாவியாரை ஒரு கலியாணத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. அதையும் தாங்கிக்கொண்டார். மனைவி சபூறாவும் நல்லது என்று ஒரு சொல் சொல்லவில்லையே, அதுதான் அவரை அரித்தது. அவர் பாட்டெடுத்தாலே அவள் கிணற்றடிக்குப் போய்விடுவாள்.

1957 வெள்ளத்தில் பாதி ஊர் பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கியது. மூன்றாம் நாள், பயத்தில் வாயடைத்துக் கிடந்த சனத்துக்கு நடுவில் அவர் ஏழையும் பாடி முடித்தார். மீராசா விக்கி விக்கி அழுதார். தண்ணீர் வடிந்ததும் ஊர்ப் பேச்சு மாறிவிட்டது. கலியாணத்தன்றே தங்களுக்கு மயிர் சிலிர்த்தது என்று, அன்று வாயை மூடிக்கொண்டவர்களே சொல்லித் திரிந்தார்கள். ஜவுபர் மாஸ்டரோ, 'இந்த இருட்டின் ஆழத்தை முதலில் கண்டவன் நானே' என்று எழுதினார். வெட்கம் என்பது அந்த மனுசன் இருந்த தெருவுக்கே வராது.

அண்ணாவியார் பத்திரிகையோடு நேரே அடுப்படிக்குப் போனார்.

"சபூறா, ஊரே நல்லமெண்டு சொல்லுது. உனக்கு மட்டும் என்னகா?"

"மூணாவதும் அஞ்சாவதும் எனக்கு எப்பவும் நல்லம்தான். ஏழாவதுதான் சரியில்ல."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு காலமும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்!

"ஏழாவதுல என்ன குறை?"

"தொழுதியா, நோன்பு புடிச்சியா எண்டு மலக்கு கேக்காங்க. பொண்டாட்டியோட எப்பிடி இருந்தாய் எண்டு ஒரு மலக்கும் கேக்கல்லயே. உங்களுக்குப் பதில் தெரியாது. அதான் கேள்வியையே வைக்கல்ல."

அண்ணாவியார் அப்படியே நிலத்தில் குந்தினார்.

"சரி, நீ சொல்லு. எப்பிடி இருந்தன்?"

நடுப்பகல் லுகர் தொழுகை முடிந்து சொல்லத் தொடங்கியவள், பின்னேரம் அசர் பாங்கு கேட்கும்வரை நிறுத்தவில்லை. அவரும் எழுந்து போகவில்லை.