பேட்டரியில் நான் வைத்த சிவப்புப் பொட்டு

என் கணவருக்கு அவருடைய பழைய மோட்டார் பைக்தான் உயிர். விடியுமுன் அதில்தான் எங்கள் மல்லிகையை நிலக்கோட்டை சந்தைக்குக் கொண்டுபோவார். அதற்கான ஆறு வோல்ட் பேட்டரி இப்போது லேசில் கிடைப்பதில்லை. பழசு வீணானதும், திண்டுக்கல்லில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் அவருடைய சிறுவயது நண்பரிடம் கழற்றிக் கொடுத்தார்.

"மதுரையிலருந்து புதுசு வரவழைச்சுட்டேன் தங்கச்சி" என்று நண்பரே வந்து மாட்டினார். என் கையால் சாப்பிட்டுவிட்டும் போனார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாலைத் திருப்பத்தில் பேட்டரி இறங்கி ஹாரன் வேலை செய்யாமல் போக, எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கி இவர் பைக்கோடு பள்ளத்தில் விழுந்தார். சிராய்ப்போடு தப்பினார். பூவெல்லாம் மண்ணில்.

சேறு படிந்த பேட்டரியைத் துடைத்தபோது புது ஸ்டிக்கர் உரிந்தது. அடியில் சிவப்பு நெயில் பாலிஷ்! பிளஸ் பக்கம் மாறிவிடக் கூடாதென்று எங்கள் பழைய பேட்டரியில் நான் வைத்த பொட்டு. அதையே சார்ஜ் ஏற்றி எங்களுக்கே விற்றிருக்கிறார் மனுஷன்.

போனில் கேட்டேன். "ரெண்டு மாசமாவது ஓடும்னு நெனச்சேன் தங்கச்சி" என்றார், கூசாமல்.

இப்போதெல்லாம் எங்கள் கண்ணெதிரே ஆசிட் ஊற்றி, சார்ஜ் ஏற்றித் தந்தால்தான் பேட்டரி வாங்குகிறோம். பழசைக் கடையில் விட்டுவிட்டு வருவதில்லை.

அவரிடம் அன்றைக்கு ஒன்றுதான் சொன்னேன்: "இனிமே என்னையத் தங்கச்சின்னு கூப்பிடாதீங்க."