போட்டோவில் பார்த்த முகம்

காவல் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் பென்சிலக்கா. சாட்சி சொல்லச் சொல்லக் குற்றவாளியின் முகத்தை வரைவது அவள் வேலை. பத்தொன்பது வருடப் பழக்கம். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவரின் தாடையைக்கூட விடமாட்டாள். "உன்னோட வெளிய வந்தா மானம் போகுது, எல்லாரையும் முறைச்சு முறைச்சுப் பாக்குற" என்பான் கணவன்.

அன்று நிலையத்தில் எதிரே இருந்த சாட்சி, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண். முந்தின நாள் சாயங்காலம் ஒருவன் கத்தியைக் காட்டி அவள் கைக்கடிகாரத்தைப் பிடுங்கியிருக்கிறான். தடுக்கப்போன முதலாளிக்கு வயிற்றில் குத்து. ஆஸ்பத்திரியில் அவர் இன்னும் கண் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது.

பெண் மடமடவென்று சொன்னாள். தூக்கிச் சீவிய முடி, ஒட்டிய கன்னம், விடைத்த இரண்டு காதுகள், காலர் பொத்தான் வரைக்கும். பென்சில் ஓட ஓட அக்காவுக்கு எங்கேயோ இடித்தது. மிரண்டவர்கள் இப்படிக் கோவையாகச் சொல்லமாட்டார்கள். மூக்கு நினைவிருந்தால் வாய் மறந்திருக்கும்.

"கத்தி எந்தக் கையில இருந்துச்சும்மா?"

பெண் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, ஆள் உயரமா, குள்ளமா?"

"தெரியலக்கா."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இந்த மூஞ்சியை வேற எங்கயாவது பாத்தியா?"

பெண் கதவைப் பார்த்தாள். "காலையில சார் ஒரு போட்டோ காட்டினாரு. இவன்தானேன்னு கேட்டாரு. பாத்ததும் ஆமான்னு தோணிடுச்சு. பொய் சொல்லலக்கா, சத்தியமா."

அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் அக்காவைக் கலக்கியது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து படத்தை எடுத்தார். "அச்சு அசலா அவனேதான்! பக்கத்து ரூம்லதான் உக்கார வச்சிருக்கேன். கையெழுத்தப் போடுங்க."

"நீங்க காட்டின போட்டோவைத்தான் சார் வரைஞ்சிருக்கேன்."

அவர் முகம் சிவந்தது. "வரையறதோட நிறுத்திக்கோங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

அக்கா படத்தைத் திரும்ப வாங்கினாள். அதன் அடியில், 'சாட்சிக்கு முன்கூட்டியே புகைப்படம் காட்டப்பட்டது' என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

"இனி நீங்க எங்க உக்காருவீங்கன்னு பாக்கறேன்" என்றார் அவர்.

சொன்னபடியே செய்தார். அடுத்த வாரம் அவளைப் பழைய கோப்பு அறைக்குத் தள்ளினார்கள். அந்தக் குறிப்பால் படம் செல்லாமல் போனது; பிடித்து வைத்திருந்தவனை வேறு சாட்சியில்லாமல் விட்டுவிட்டார்கள். இருபது நாள் கழித்து இன்னொருவன் அதே கைக்கடிகாரத்தோடு சிக்கினான், குத்தியதையும் ஒப்புக்கொண்டான். முதலாளி பிழைத்துக்கொண்டார், ஆனால் அவர் பார்த்தது கத்தியை மட்டும்தான்.

சிக்கியவனை அடையாளம் காட்ட வந்த மருந்துக் கடைப் பெண் நேரே கோப்பு அறைக்கு வந்து நின்றாள்.

"நிஜமா குத்தினவன் என் எதிர்லயே நின்னான்க்கா. எனக்குத் தெரியவே இல்ல. கண்ண மூடினா அந்தப் போட்டோக்காரன்தான் கத்தியோட வர்றான். பாவம், அவன் ஒண்ணுமே பண்ணல. இது எப்படிக்கா போகும்?"

அக்கா எழுந்தாள். ஒரு நாற்காலியில் இருந்த கோப்புகளைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"முதல்ல உக்காரும்மா" என்றாள்.