'ஆள் இல்லை' என்று எழுதினேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு உள்ளாட்சி அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் கணக்கெடுப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாலையோரம் தங்கியிருப்பவர்களுக்கு ஒற்றை அறை வீடுகள் கட்ட நிதி ஒதுக்கியிருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு வீடு. பட்டியலில் இருப்பவர்கள் உண்மையிலேயே அங்கே தங்குகிறார்களா என்று நேரில் பார்த்து எழுதுவது என் பொறுப்பு. மூன்று முறை போயும் ஆளைப் பார்க்க முடியாவிட்டால் பெயரை நீக்கிவிடலாம்.

பட்டியலில் ஒரு கணவன் மனைவி. மூடிக் கிடந்த தொழிற்சாலை ஒன்றின் மதில் சுவரை ஒட்டி, தார்ப்பாய் கட்டித் தங்கியிருந்தார்கள். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு, பதினோரு மணி வாக்கில் போனேன். மூன்று நாளும் அப்படித்தான். மூன்று நாளும் யாரும் இல்லை. கடைசி நாள் மதில்மேல் துவைத்த புடவை ஒன்று அரை ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டும் படிவத்தில் 'ஆள் இல்லை' என்று எழுதினேன். வெயில் வேறு. இன்னும் நான்கு இடம் பாக்கி இருந்தது.

சாவி கொடுக்கும் நாளில் பந்தல் போட்டிருந்தார்கள். எல்லாப் பெயரும் கூப்பிட்டு முடிந்த பிறகும் ஒரு பெண் நின்றுகொண்டே இருந்தார். நாற்பது வயதிருக்கும். கம்பெனி கேன்டீன் சீருடை. பட்டியல் என் கையில் இருந்ததால் நேராக என்னிடம் வந்தார்.

“மேடம், எம் பேரு வர்ல. இன்னான்னு பாருங்க.”

பெயரைச் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. “மூணு தடவ வந்தேன்க்கா. நீங்க இல்லியே” என்றேன்.

“எத்தினி மணிக்கு?”

“பதினோரு மணி.”

“கேன்டீன்ல பாத்திரம் கழுவிக்கினு இருந்திருப்பேன். அவுரு லோடு ஏத்தப் போயிருப்பாரு. ஊடு இல்லன்னா வேலைக்கும் போவ மாட்டோமா மேடம்?”

கோபமே இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல்தான் கேட்டார்.

அன்று மதியமே, தவறு என்னுடையது என்று எழுதி அதிகாரியிடம் கொடுத்தேன். “யோசிச்சுக்கோம்மா, உன் கான்ட்ராக்டுக்குத்தான் பிரச்சினை வரும்” என்றவர், பிறகு வாங்கிக்கொண்டார். ஆனால் பன்னிரண்டு வீட்டுக்கும் ஆள் வந்தாயிற்று. இவர்களுக்குப் பதிலாகச் சேர்க்கப்பட்டவர்களும் வீடில்லாதவர்கள்தான். அடுத்த நிதி வந்தால் முதல் பெயர் இவருடையது என்று கோப்பில் குறித்தார்கள். அவ்வளவுதான் முடிந்தது.

கார்த்திகை மழையில் தார்ப்பாய் கிழிந்துபோனது. ஒரு காலை பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். காலடியில் நனைந்த துணி மூட்டை. கணவருக்குக் காய்ச்சல் விடவே இல்லை என்றார். மழை நிற்கும்வரை எங்கள் வீட்டில் வந்து இருங்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். “லேட்டாவுது மேடம்” என்று ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த நிதி வர சித்திரை ஆகிவிட்டது. வீடு கிடைத்த வாரத்தில் ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கணவர் இருமிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தப் பெண் நன்றியும் சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை. கதவை உள்பக்கம் தாழிட்டு, திறந்து, மறுபடி தாழிட்டுக் காட்டினார்.

என் ஒப்பந்தம் அடுத்த வருடம் நீடிக்கவில்லை. இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். விதிப்படிதானே எழுதினாய் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் விதிப்படி நான் எழுதிய இரண்டே சொற்களுக்காக இரண்டு பேர் ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.