க்ளாசெட் கதவுக்கு ஒரு நமஸ்காரம்

போலீஸ் காரைக் கண்டால் மயில்சாமி பாட்டை நிறுத்திவிடுவார். கல்யாணமாகி கலிஃபோர்னியாவில் மில்பிடாஸுக்கு வந்த புதிதிலேயே சாந்தாமணி இதைக் கவனித்துவிட்டாள். ஃப்ரீவேயில் எதிர்ப்பக்கம் பறக்கிற காராக இருந்தாலும், டோனட் கடை வாசலில் சும்மா நிற்கிற காராக இருந்தாலும், அவருடைய வலது கை தானாகப் போய் ஸ்டீரியோவை அணைக்கும். பிறகு இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கார் கண்ணிலிருந்து மறைந்து வெகு தூரம் போன பிறகுதான் பாட்டு திரும்ப வரும்.

"ஏனுங்க, பாட்டுக் கேக்கறதுக்குமா இந்த ஊர்ல டிக்கெட் குடுப்பாங்க?"

"உனக்குத் தெரியாது அம்மிணி. நாம விசாவுல இருக்கறவங்க. நம்ம மேல ஒரு தூசி ஒட்டக் கூடாது."

ஆண்டுகள் போயின. கார் மாறியது, பாட்டும் கேசட்டிலிருந்து சிடிக்கு மாறியது. அந்தக் கை மட்டும் மாறவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் அவர் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவர்தான். கோயமுத்தூரில் எஞ்சினியரிங், பிறகு இங்கே ஹார்டு டிஸ்க் செய்கிற கம்பெனியில் டெஸ்ட் எஞ்சினியர். தனக்குக் கிடைத்ததெல்லாம் யாரோ ஆள் மாறிக் கொடுத்துவிட்டது, என்றைக்காவது வந்து திருப்பிக் கேட்பார்கள் என்பதுபோலவே அவர் வாழ்ந்தார். சாந்தாமணிக்கு அது சில நாள் சிரிப்பாக இருக்கும், சில நாள் எரிச்சலாக இருக்கும்.

இரண்டாயிரத்து ஏழு ஜூலையில், நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு வரிசை எல்லோருக்கும் திறந்தது என்று ஊரே ஓடியபோது, அவர்களும் அப்ளை பண்ணினார்கள். அடுத்த மாதம் அவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. செப்டம்பரில் கீமோ ஆரம்பமானது.

முடி போனதை அவள் தாங்கிக்கொண்டாள். சாப்பாடு போனதைத்தான் தாங்க முடியவில்லை. சோறு கொதிக்கிற வாசனைக்கே குமட்டியது. இட்லி, கஞ்சி, பிரெட், வெறும் தண்ணீர் என்று எதுவும் தங்கவில்லை. வாந்திக்கென்று கொடுத்த மாத்திரையும் வாந்தியோடு வந்தது. எடை இன்னும் இறங்கினால் அடுத்த சுற்றைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, இன்னொரு வழியும் இருக்கிறது, கலிஃபோர்னியாவில் அதற்கு அனுமதி உண்டு, நான் எழுதித் தருகிறேன் என்றார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் மயில்சாமி வாயைத் திறந்தார்.

"கஞ்சாவைச் சொல்றாங்க அந்த டாக்டரம்மா."

ஊரில் பிடிக்காதவன் மேல் போடுவதற்கென்றே போலீஸ் வைத்திருக்கிற கேஸின் பெயர் அது. அந்தச் சொல்லைச் சொன்னதற்கே அவர் கழுத்தோரம் வேர்த்திருந்தது.

"இங்க அனுமதி உண்டுன்னு சொன்னாங்களே?"

"ஸ்டேட் விட்டாலும் ஃபெடரல் கவர்மெண்ட் விடாது. நம்ம கார்டு ஃபெடரல் கையில இருக்குது. அதை விக்கற கடைக்குப் போனா பேரைக் கேப்பாங்க, கேமரா இருக்கும். வேண்டாம், விடு."

விட்டுவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். பத்து நாள் கழித்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியோடு வந்தார். உள்ளே மூன்று விதைகள். அவரோடு டெஸ்ட் லேபில் வேலை செய்கிற வியட்நாம்காரர் டுவான் கொடுத்தது. டுவானுடைய அம்மா இதே நோயில் போனவர். வழக்கமான செடி பகல் சுருங்கினால்தான் பூக்கும், இது அப்படியில்லை, தன் வயது வந்ததும் தானாகப் பூத்துவிடும், முழங்கால் உயரம்தான் வரும், பத்து வாரத்தில் முடிந்துவிடும் என்று டுவான் சொல்லியிருந்தார். யாரிடமும் பெயர் கொடுக்க வேண்டாம், எந்தக் கேமராவுக்கும் முகம் காட்ட வேண்டாம். பயந்தவர் கடைக்குப் போவதை விட்டு வீட்டிலேயே வளர்க்கத் துணிந்தது அதனால்தான். அதற்குப் பெயர் துணிச்சலா, இன்னும் பெரிய பயமா என்று சாந்தாமணி படுத்தபடியே யோசித்துப் பார்ப்பாள். விடை கிடைக்காது.

வாடகை டவுன்ஹவுஸின் மாடியில் விருந்தாளி அறை. அதற்குள், துணிமணி வைக்க, ஆள் நுழைகிற அளவு க்ளாசெட். இரண்டு விதைகள் முளைத்தன. வெள்ளை விளக்கு, ஒரு குட்டி விசிறி. காலையிலும் சாயங்காலமும் கதவை ஒரு கை அகலம் திறந்து, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, லேபில் மெஷினைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். 'செடி' என்றுகூடச் சொல்ல மாட்டார். 'மேல இருக்கறது' என்பார்.

நவம்பரில் அது பூத்தது. வாசனையும் வந்தது. பச்சையாக, காட்டமாக, படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கும் வாசனை. மயில்சாமி இந்தியன் கடையில் சாம்பிராணி வாங்கி வந்து வேளை தவறாமல் புகை போட்டார். அந்தச் சாம்பிராணிதான் வினையானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முன்கூட்டிச் சொல்லாமல் அனந்தராமனும் அவர் மனைவி மீனாக்ஷி மாமியும் வந்துவிட்டார்கள். அனந்தராமன் மயில்சாமியின் டைரக்டர். கிரீன் கார்டுக்குக் கம்பெனி சார்பில் கையெழுத்துப் போட்டவர்.

"லிவர்மோர் கோயிலுக்குப் போய்ட்டு வரோம். சாந்தா பேர்ல அர்ச்சனை பண்ணிண்டு வந்தேன். இந்தா பிரசாதம். ஐயோ, இப்படி எளைச்சுட்டியேடி!" என்றார் மாமி.

காபி ஆனது. அதன்பின் நடக்கப்போவது மூவாயிரம் மைலுக்குள் இருக்கிற எல்லாத் தமிழருக்கும் தெரியும். முதல்முறை வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். காட்டாவிட்டால் மரியாதையில்லை, பார்க்காவிட்டாலும் மரியாதையில்லை. பெட்ரூம், பாத்ரூம், கராஜ், துணி துவைக்கிற இடம் என்று எதையும் விட மாட்டார்கள்.

"மேல ஒண்ணுமில்லீங்க மாமி, ஒரே கொசகொசன்னு கெடக்குது" என்றார் மயில்சாமி.

"எங்காத்துல மட்டும் என்ன வாழறது? வாடா" என்று மாமி ஏறிவிட்டார். பின்னாலேயே அனந்தராமன். மயில்சாமி சாந்தாமணியைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் சோபாவிலிருந்து எழுந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மாமி விருந்தாளி அறையில் நின்று மூக்கை உயர்த்திக்கொண்டிருந்தார். க்ளாசெட் கதவுக்குக் கீழே வெள்ளைக்கோடாக வெளிச்சம். அந்த ஊரில் தமிழர் வீட்டு க்ளாசெட்டில் பாதி சாமிக்கும் பாதி சூட்கேஸுக்கும்தான்.

"சாம்பிராணி கமகமங்கறது. பூஜா ரூமை இங்கயா வெச்சிருக்கேள்? கதவைத் திற மயில், ஒரு நமஸ்காரம் பண்ணிட்டு வரேன்."

மயில்சாமி கதவை மறைத்தபடி நின்றார்.

"மண்டலமுங்க மாமி" என்றாள் சாந்தாமணி. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. "எனக்காக வேண்டியிருக்கறாருங்க. ஒரு மண்டலம் வெளக்கு அணையக் கூடாது. முடியற வரைக்கும் கதவைத் திறந்து யாருக்கும் காட்டறதில்லைன்னு."

"அகண்ட தீபமா?" அனந்தராமன் புருவத்தைச் சுருக்கினார். "கீழ கார்ப்பெட் இருக்கே மயில். ஃபயர் ஹசார்ட். ஸ்மோக் டிடெக்டர் உள்ள இருக்கா? தள்ளு, ஒரு நிமிஷம் பாத்துடறேன்."

அவர் கை கதவுக் குமிழில் இருந்தது.

"எலக்ட்ரிக் வெளக்குங்க சார்!" என்றார் மயில்சாமி.

"ஏன்னா, சாமி ரூமுக்கும் சேஃப்டி ஆடிட்டா? கையை எடுங்கோ. வேண்டுதல்னு சொல்றா." மாமி அவர் கையைத் தட்டிவிட்டார். பிறகு காதைக் கதவருகே கொண்டுபோனார். "உள்ள ஏதோ ஓடறதே?"

"மந்திரம் சொல்ற பெட்டிங்க. சத்தத்தைக் கொறைச்சு வெச்சிருக்கோம்" என்றாள் சாந்தாமணி.

"என்னிக்கு ஆரம்பிச்சேள்?"

"இன்னைக்குத்தானுங்க."

மாமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தப் பழுப்புக் கார்ப்பெட்டில் முட்டிபோட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கஜ தூரத்தில் அது பூத்து நின்றது.

கார் கிளம்பிய சத்தம் ஓய்ந்ததும் மயில்சாமி கராஜிலிருந்து கறுப்புக் குப்பைப் பையோடு வந்தார். சாந்தாமணி படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி."

"மாட்டேன்."

"கை வெச்சுட்டாரு சாந்தா. குமிழ்ல கை வெச்சுட்டாரு. கார்டு போகும். கார்டு போனா வேலை போகும், வேலையோட இன்சூரன்ஸும் போகும். அப்புறம் உன்ற வைத்தியம்? எனக்காகவா நான் பயப்படறேன்?"

"அதுக்குள்ள நானே போயிட்டேன்னா அந்தக் கார்டை எந்தப் பர்ஸ்ல வெச்சுக்குவீங்க?"

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிற மணிக்கட்டு. பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவளைச் சுற்றி மேலே போனார். போய் விசிறியின் வேகத்தைக் குறைத்தார். சத்தம் வெளியே கேட்கக் கூடாதல்லவா.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் தூங்கியதாக அவளுக்கு நினைவில்லை. மாமி சும்மா இருக்கவில்லை. கோயிலில் சொன்னார், பஜனையில் சொன்னார். இந்தியன் கடையில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் மயில்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானா அந்த மண்டல வெளக்கு வெச்சிருக்கறவர்? முடியற அன்னிக்கு நாங்களும் வரலாமா?" என்று கேட்டாளாம். வாங்கிய கத்தரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். பார்சல்காரன் மணியடித்தால்கூடச் சுவரோடு ஒட்டி நின்று, காலடிச் சத்தம் போகும்வரை காத்திருப்பார். பயம் அவளையும் தொற்றிக்கொண்டது. தெருவில் கார் கதவு சாத்தினால் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பாள்.

டிசம்பரில் அது முற்றியது. வெட்டி, உலர்த்தி, டுவான் சொன்னபடி நெய்யில் இறக்கினார். ஒரு நாள் மத்தியானம் சாந்தாமணி அந்த நெய்யை நாக்கில் தொட்டுக்கொண்டாள். வெகுநேரம் கழித்து ரசம் சாதம் கேட்டாள். அவள் சாப்பிட்டு முடித்த பிறகும் மயில்சாமி சமையலறையிலேயே நின்றார், பாத்ரூம் கதவுச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி. சத்தம் வரவில்லை. அவர் ஸ்டவ்வைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுத சத்தம்தான் வந்தது. அடுத்த சுற்றுக் கீமோ தள்ளிப்போகவில்லை.

மண்டலம் முடிகிற நாள் வந்தது. க்ளாசெட்டைக் காலி பண்ணி, தொட்டித் தண்ணீர் பட்ட கறையைத் தேய்த்து, ஒரு முருகன் படமும் விளக்கும் வாங்கி வைத்தார். படம் புத்தம் புதிதாகப் பளபளத்தது. விபூதியைக் குழைத்துக் கண்ணாடியில் பூசிப் பழசாக்கினார். வேறு யாரையும் கூட்டி வர வேண்டாம் என்று மாமியிடம் கெஞ்சி வைத்திருந்தார். மாமியும் அனந்தராமனும் மட்டும் வந்தார்கள்.

மாமியைப் பார்த்ததும் சாந்தாமணிக்குத் திக்கென்றது. கழுத்தெலும்பு தெரிந்தது.

"மண்டலம் முழுக்க ஒருவேளைதான் சாப்பிட்டா" என்றார் அனந்தராமன். "ஷுகர் வேற இருக்கு. ஒரு நாள் கிச்சன்லயே மயங்கி விழுந்தா. சொன்னா கேட்டாத்தானே? நீங்க விளக்கு ஏத்தினேளாம், இவ விரதம் இருப்பாளாம்."

"சும்மா இருங்கோ." மாமி க்ளாசெட்டுக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். சாந்தாமணி பொங்கல் சாப்பிடுவதை, இரண்டாம் முறை போட்டுக்கொள்வதை, ஏதோ அதிசயம்போல் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "பலிச்சுடுத்துடி. பாத்தேளா, பலிச்சுடுத்து."

மயில்சாமி கரண்டியோடு நின்றார். "மாமி..." என்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று சாந்தாமணிக்குத் தெரிந்தது. சொல்லட்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடுவாரோ என்றும் இருந்தது.

"மாமி, இன்னும் கொஞ்சம் பொங்கல் போடட்டுங்களா?"

அவள் பிழைத்தாள். முடி சுருண்டு சுருண்டு வளர்ந்தது. இரண்டாயிரத்து ஒன்பதில் வேறு கம்பெனி கிடைத்து டெக்சாஸில் கேட்டி என்கிற ஊருக்குப் போனார்கள். அப்ளிகேஷன் கூடவே போனது, கார்டு மட்டும் வரவில்லை. வரிசை நகரவேயில்லை.

அந்த அக்டோபரில் மாமி போன் பண்ணினார். ஸ்பீக்கரில் குரல் காகிதம் மாதிரி வந்தது.

"வயத்துல வந்துடுத்துடா மயில். கீமோ போயிண்டிருக்கு. மோர் கூட நிக்க மாட்டேங்கறது. எல்லாம் வெளியில வந்துடறது. உன் கை ராசி எனக்குத் தெரியும். எனக்காக ஒரு மண்டலம் வெளக்கு ஏத்துவியா?"

சாந்தாமணி அவர் தோளைத் தொட்டாள். சொல்லுங்க என்று வாயசைத்தாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தறனுங்க மாமி."

போனை வைத்த பிறகு அவள் கேட்டாள். "அவங்களுக்கு இப்ப வேண்டியது வெளக்காங்க? டாக்டர்கிட்ட அதைக் கேளுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவங்க சிட்டிசன். ஊரும் கலிஃபோர்னியா."

"சொன்னா எல்லாம் சொல்லோணும். எப்படித் தெரியும்னு கேப்பாங்க. சாருக்கும் தெரிஞ்சுரும். கார்டு வரட்டும் அம்மிணி. வந்ததும் நேர்ல போய்க் கால்ல விழுந்து சொல்லிடறேன்."

"அதுவரைக்கும்?"

அவர் விளக்கு ஏற்றினார். இந்த முறை நிஜமான விளக்கு, நல்லெண்ணெய். ஒருவேளை மட்டும் சாப்பிட்டார், அதுவும் உப்பில்லாமல். கன்னம் ஒட்டிப்போய், ஆபீஸில் உடம்பு சரியில்லையா என்று கேட்கிற அளவுக்குக் கடுமையாக விரதம் இருந்தார். சாந்தாமணி ஒரு நாள் அவர் இல்லாத நேரத்தில் மாமியின் நம்பரைப் பாதிவரை அழுத்தினாள். அவளுக்காக ஒரு தடவை அந்தப் பயத்தை விழுங்கிய மனிதர். இன்னொருத்திக்காகவும் விழுங்கு என்று சொல்ல, அதுவும் அவர் முதுகுக்குப் பின்னால் அவரைக் காட்டிக்கொடுத்துச் சொல்ல, அவளால் முடியவில்லை. போனை வைத்தாள். தன்னுடையதும் பயம்தானோ என்று பிறகு தோன்றியது.

மண்டலம் முடிந்த அன்று அனந்தராமனிடம் விசாரித்தார்கள். மாமி இப்போது தண்ணீரை ஸ்பூனில்தான் குடிக்கிறார் என்றார். மயில்சாமி கேட்டுக்கொண்டார். இன்னொரு மண்டலம் தொடர்கிறேன் என்றார். கார்டு வரவில்லை. மாமியிடம் அவர் சொல்லவும் இல்லை.