பாரவண்டி மனிதர் நலமா?

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்துப் பிற்பகலில், அருப்புக்கோட்டையில் எங்கள் கடை மாடியில் இது தொடங்கியது. நாங்கள் பம்பு செட்டு, பைப் விற்கிற கடை வைத்திருக்கிறோம். கீழே வியாபாரத்தை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். பில் போடுவதும் சரக்குப் பார்ப்பதும் என் பொறுப்பு. அதோடு யாரும் சொல்லாமலே நான் இழுத்துப் போட்டுக்கொண்ட இன்னொரு வேலையும் உண்டு. மாடியில் பைப் துண்டுகள் போட்டு வைத்திருக்கிற அறையின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் எங்கள் சர்வர்.

சர்வர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். போன் குரூப்புகளில் வருகிற குட் மார்னிங் படங்களும் கட்சிச் சண்டையும் அலுத்துப்போய், நம் பக்கத்து ஆட்கள் விளம்பரத் தொல்லை இல்லாமல் பேசிக்கொள்ள ஓர் இடம் இருக்கட்டுமே என்று ஆரம்பித்தேன். கல்லூரியில் படித்த கம்ப்யூட்டர் படிப்பு அதற்குக் கைகொடுத்தது. நரிக்குடிப் பக்கம் ஆடு வளர்க்கிறவர், காரியாபட்டியிலிருந்து தினமும் மதுரைக்குப் போய்வருகிற நர்ஸ், தையல் கடைப் பெண்கள், சில வாத்தியார்கள் என்று, எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடலாம், அவ்வளவு பேர்தான். இதே மாதிரி சின்னச் சின்ன சர்வர்கள் உலகமெங்கும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒருவர் தன் விருப்பப்படி நடத்துவார். ஆனால் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எங்கள் ஆள் எழுதுவதை வேறு நாட்டு சர்வரில் இருக்கிற யாராவது பின்தொடர்ந்தால், அந்த எழுத்தின் நகல் ஒன்று அங்கேயும் போய்ச் சேரும்.

எங்கள் கூட்டத்திலேயே நன்றாக எழுதுகிறவர் ஒரு லாரி டிரைவர். திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா, மகாராஷ்டிரா வரைக்கும் போவார். வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிற இடத்திலிருந்து, சாப்பாட்டுத் தட்டையோ ரோட்டையோ ஒரு படம் எடுத்து, கூடவே நாலு வரி எழுதிப் போடுவார். 'ஓங்கோல் தாண்டி நல்ல மழை. கண்ணாடி வைப்பரு ஒரு பக்கந்தான் ஓடுது. நல்லவேளை, என் பக்கம்' என்று எழுதுவார். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரர் கீழேயிருந்து என்ன என்று கேட்பார்.

அந்தப் பிற்பகலில் கோடை மழை பிடித்தது. மழையைவிட இடிதான் அதிகம். கடைக்கு நேர் மேலே விழுந்த மாதிரி ஒரு சத்தம். லைட்டெல்லாம் போய், கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து கருகல் வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சர்வர் செத்துக் கிடந்தது. நகல் எடுத்து வைக்கிற டிஸ்க்கும் அதிலேயே செருகியிருந்ததால் இரண்டும் சேர்ந்தே போய்விட்டன. மதுரையில் இதற்கென்றே இருக்கிற கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பிரித்துப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

ஆளாளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். திட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். லாரிக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"போனாப் போகுதுக்கா. ரோடு எங்கயும் போயிறலேல்ல? மறுபடி எழுதுனாப் போச்சு" என்றார்.

அந்தப் பேச்சில் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. வேறொரு கம்ப்யூட்டரை வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றத் தொடங்கினேன்.

சில நாட்கள் கழித்துக் கடைக்கு ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தண்ணீர்க் குழாய் ஒன்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். வாங்கிக்கொண்ட பிறகும் போகவில்லை. வீட்டுக்காரர் உள்ளே போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, லாரிக்காரவுக எழுதுறது எல்லாம் வாறது ஒங்க மிசினுலதானா?"

ஆமாம் என்றேன்.

"இப்பத் திறந்தா ஒண்ணுமே வரல. நா நெட்டுத் தீந்துருச்சோன்னு போன அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்தேன்."

நடந்ததைச் சொன்னேன். முகம் வாடிப்போனது. அப்புறம்தான் தெரிந்தது, அவர் அந்த லாரிக்காரரின் மனைவி. கணவர் ஒருமுறை போனைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனபோது அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். முகவரியைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். பக்கத்தின் அடியில் எங்கள் கடைப் பெயர் இருக்கும்; அதை வைத்துத்தான் தேடி வந்திருக்கிறார். எங்கள் சர்வரில் படிக்க மட்டும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அடுப்படியில் உட்கார்ந்து அத்தனையும் படித்துவிடுவாராம்.

"வீட்ல வந்தா பேசவே மாட்டாகக்கா. உண்டு, இல்ல, சரி, இவ்வளவுதான். நானும் கோவக்காரவுக போலன்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதுல பாத்தா இம்புட்டுப் பேசுறாக. நாயக் கண்டா நாயப் பத்தி எழுதுறாக. என் கொழம்பப் பத்திக்கூட எழுதிருக்காக." சொல்லும்போதே சிரிப்பும் அழுகையுமாக வந்துவிட்டது. "எப்படியாச்சும் அதத் திருப்பிக் கொண்டாந்துருங்கக்கா. நான் படிக்கிறது மட்டும் அவுகளுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா கூச்சப்பட்டு எழுதாமப் போயிருவாக."

என்னால் 'முடியாது' என்று சொல்ல முடியவில்லை. 'முடியும்' என்றும் சொல்ல முடியவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். மற்ற சர்வர்களுக்குப் போன நகல்கள் இருக்கும்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் இடம் போதாமல் பழையவற்றை அழித்துவிடுவார்கள். தெரிந்த நிர்வாகிகள் இரண்டொருவரிடம் கேட்டதில் கடைசி சில நாட்களின் எழுத்துதான் கிடைத்தது.

அந்த வாரக் கடைசியில் எனக்கு ஒரு மெயில் வந்தது. மொழிபெயர்க்கிற மிஷினில் போட்டு எடுத்த தமிழ்.

'மதிப்பிற்குரிய சேவையக நிர்வாகியே, உங்கள் பாரவண்டி மனிதர் மௌனமாக இருக்கிறார். எங்கள் மக்கள் கவலை அடைகிறார்கள். பாரவண்டி மனிதர் நலமா?'

எழுதியவர் ஃபின்லாந்தில் பஸ் ஓட்டுகிற ஒரு பெண். பஸ், லாரி ஓட்டுகிறவர்களுக்காகவே அவரும் ஒரு சின்ன சர்வர் நடத்துகிறார். அங்கே பனிக்காலத்தில் வெளிச்சமே வராதாம். டிப்போவில் காத்திருக்கும்போது நம் லாரிக்காரரின் வெயிலையும் தட்டில் இருக்கிற சோற்றையும் பார்த்துக்கொண்டு, மிஷினில் போட்டு அவர் எழுதுவதைப் படிப்பார்களாம். மெயிலை மறுபடி ஒருமுறை படித்தேன். திருச்சுழிப் பக்கத்து மனிதர் ஒருவரை விசாரித்து, எந்தக் குளிர் தேசத்திலிருந்தோ ஒருவர் எழுதுகிறார்.

அவர் நலம், என் சர்வர்தான் நலமில்லை என்று பதில் போட்டேன். பழைய எழுத்து ஏதாவது அங்கே மிச்சம் இருக்குமா என்றும் கேட்டேன். ஒன்றையும் தாங்கள் அழித்ததே இல்லை, முதல் நாளிலிருந்து படங்களோடு இருக்கிறது என்று பதில் வந்தது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. 'அவை அவருடைய சொற்கள். அவர் சொன்னால்தான் தருவேன். அவர்தான் சொல்கிறார் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்' என்று எழுதியிருந்தார். அவர் போடுகிற படங்களில் அடிக்கடி வரும், வண்டியின் முன்பக்கத்தில் வரைந்திருக்கிற கிளிக்குப் பக்கத்தில், அன்றைக்குச் சாப்பிடுகிற தட்டோடு அவர் நிற்கிற படம் ஒன்று வேண்டுமாம். முன்பின் தெரியாத என்னை அவர் எப்படி நம்புவார்? நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

லாரிக்காரருக்குப் போன் போட்டேன். சோலாப்பூர் பக்கம் இருந்தார்.

"எதுக்குக்கா இம்புட்டு மெனக்கெடுறீக? தட்டத் தூக்கிக்கிட்டுப் போட்டோவுக்கு நின்னா கூட இருக்கவன் சிரிப்பான். விடுங்க, போனது போகட்டும்" என்றார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஒருத்தவுக கேக்குறாகப்பா" என்றேன். "நீ எழுதுனத ஒண்ணு விடாமப் படிக்கிறவுக. அது இல்லாமப் போச்சுன்னு என்கிட்ட வந்து அழுதுட்டுப் போனாக."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அவர் நிறுத்துவது கேட்டது.

"நாங் கிறுக்குறதயா? யாருக்கா அது?"

"பேரச் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாக. ஒரு வாசகி, அம்புட்டுத்தான்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் படம் வந்தது. கிளிக்குப் பக்கத்தில், கையில் தட்டு, தலையை நன்றாக வாரியிருந்தார். சட்டையில் முதல் பட்டன்கூடப் போட்டிருந்தார். அப்படியே ஃபின்லாந்துக்கு அனுப்பினேன். 'கிளியை அடையாளம் கண்டோம். மகிழ்ச்சி' என்று பதில் வந்தது, பின்னாலேயே எல்லா எழுத்துகளும் வந்து சேர்ந்தன.

அவற்றைப் புது சர்வரில் தேதி மாறாமல் ஏற்றுவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. பில் போட வேண்டிய நேரத்திலெல்லாம் நான் மாடியிலேயே கிடந்தேன். வீட்டுக்காரர், "கடை ஒண்ணு இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, டீயையும் மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் எழுதியதும் ஓரளவு திரும்பக் கிடைத்தது. முழுதாக வந்து சேர்ந்தது லாரிக்காரருடையது மட்டும்தான். எல்லாம் சரியானதும், முதல் வேலையாக அவர் மனைவிக்குப் போன் போட்டு, "திறந்து பாரும்மா" என்றேன். குழம்பைப் பற்றி எழுதியதை அவர் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். நானும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

லாரிக்காரர் அந்த வாரமே மறுபடி எழுத ஆரம்பித்தார். முதல் எழுத்து இது: 'எனக்கு ஒரு வாசகி இருக்காகளாம். அக்கா பேரு சொல்ல மாட்டேங்குறாக. யாரா இருந்தாலும் சரி, ஒண்ணு கேட்டுக்கிறேன். சாப்பிட்டீகளா?'

அதைப் படித்துவிட்டு நான் சிரித்து முடிப்பதற்குள் அவர் மனைவியிடமிருந்து போன் வந்துவிட்டது.

"அக்கா, பாத்தீகளா? கல்யாணம் ஆன நாள்லருந்து என்னய ஒரு நாள்கூட இவுக சாப்பிட்டியான்னு கேட்டதில்லக்கா!" என்றவர், குரலைத் தாழ்த்தி, "கண்டுபிடிச்சிருப்பாகளோ?" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. இன்றுவரை அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆனால் வண்டியை எங்கே நிறுத்தினாலும் அந்த வாசகியைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்குகிறார்.

இப்போது எங்கள் சர்வரின் நகல் வாரந்தோறும் ஃபின்லாந்துக்குப் போகிறது. அவர்களுடையது அருப்புக்கோட்டையில், எங்கள் வீட்டு பீரோவில் ஒரு டிஸ்க்கில் இருக்கிறது. நகல் எடுக்கிற ஒவ்வொரு முறையும், இதில் எந்த வரி எந்த வீட்டு அடுப்படியில் யாருக்குத் துணையாக இருக்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு வந்த பிறகு இந்த வேலை எனக்கு ஒரு நாளும் அலுத்ததில்லை.