எர்த்துக் குழியில் கேட்ட குரல்

தரையில் ஒரு தலை இருந்தது. நெற்றியெல்லாம் மண். கண் பாதி திறந்திருந்தது. அது என் வீட்டுக்காரரின் தலை என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கழுத்துக்குக் கீழே அவரைக் காணோம், கரிசல் மண்தான் இருந்தது.

சபையில் என்னைப் பலமுறை சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். "என் புருஷனுக்குக் கரண்டு அடித்தது, கர்த்தர் காப்பாற்றினார்" என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். முழுதும் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள், மீதிப் பேர் என்னைக் கண்டு பயப்படுவார்கள். இத்தனை வருஷம் கழித்து இப்போது எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்புகிறவர்கள் நம்புங்கள்.

அறுபதுகளின் கடைசி அது. திருச்சுழிப் பக்கம் மழை பொய்த்துப்போன வருஷம். மாடு கட்டிக் கமலை இறைத்த கிணறுகளில் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட, வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் கடனோ உடனோ வாங்கி மோட்டார் போட ஆரம்பித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு காண்ட்ராக்டரிடம் ஹெல்பர். வேலையெல்லாம் தெரியும், சர்ட்டிபிகேட்தான் கிடையாது. "ஒயர்மேன் பரீட்சைக்குப் போய்ப் பாஸ் பண்ணு. இல்லாட்டி அடுத்த வருசத்துல இருந்து ஒன்ன வேலைக்கு வச்சுக்க முடியாது" என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். பரீட்சை மதுரையில். கேட்கிற கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும், கையால் செய்தும் காட்ட வேண்டும்.

அவர் அஞ்சாம் வகுப்பு. பரீட்சைப் புத்தகத்தில் ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிடும். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். ஆகவே கேள்வி கேட்பது என் வேலை என்று ஆனது. விடிவதற்கு முன்னால் நான் கம்பு குத்திக்கொண்டே கேட்பேன், அவர் எதிரே உட்கார்ந்து சொல்வார். ஊருக்கெல்லாம் பல்பு மாட்டுகிறவர் வீட்டில் சிம்னி விளக்குதான் எரிந்தது.

எல்லாவற்றுக்கும் பதில் வரும். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் வாய் திறக்க மாட்டார். மின்சாரம் தாக்கியவருக்குச் செய்ய வேண்டிய முதலுதவி என்ன?

"அத விடு. அடுத்ததக் கேளு" என்பார்.

"ஏன் விடணும்? அதுதான் கண்டிப்பா வருமாம்ல."

"கம்பத்துல ஏறுறவன் அத வாயால சொல்லக் கூடாது. சொன்னா, வான்னு கூப்பிட்ட மாதிரி."

அவரோடு வேலை பார்க்கிற எல்லோருக்கும் இந்தப் பயம் இருந்தது. எனக்குச் சுள்ளென்று வரும். "ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வாரீக, திங்கக்கிழமை சகுனம் பாக்குறீக. கர்த்தருக்கு வாரத்துல ஒரு நாள்தான் வேலையா?" என்பேன். என் வாய்க்குப் பயந்து ஒப்புக்குச் சொல்வார். எடுத்த எடுப்பிலேயே "தண்ணி குடுக்கணும்" என்பார். மூச்சில்லாதவன் வாயில் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் கத்துவேன். ஒருநாள்கூட அந்தப் பதிலை முழுதாக, வரிசையாக அவர் சொன்னது கிடையாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கும் அதைக் கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வேலை நடந்த கிணறு அடுத்த ஊர்ப் பருத்திக் காட்டில் இருந்தது. பங்குனி வெயில். பருத்தி மாறு பிடுங்கிய நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காக்கா குருவி ஒன்றையும் காணோம். தூரத்தில் கிணற்று மேட்டில் ஆட்கள் வட்டமாகக் குனிந்து நிற்பது தெரிந்தது. யாரும் பேசவில்லை, யாரும் அழவும் இல்லை. தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

மோட்டாருக்கு எர்த்து போடுவதற்காகக் குழி தோண்டுவார்கள். கரியும் உப்பும் கொட்டிக் குழாய் நட்டு, தப்பித் தவறிக் கசிகிற கரண்டை மண்ணுக்குள் அனுப்புகிற குழி. காலையில் அவரே தோண்டியது. அதற்குள்தான் அவரை உட்கார வைத்து, அவர் வெட்டிப் போட்ட மண்ணையே கழுத்துவரை தள்ளியிருந்தார்கள்.

"பயப்படாத தாயி" என்றார் கிணற்றுக்காரர். வயசான சம்சாரி அவர். "கரண்டு இல்லைன்னு நெனச்சுக் கை வச்சுட்டாக. சட்டுனு வந்துருச்சு. தூக்கி எறிஞ்சிருச்சு. இப்பத்தான், இப்பத்தான் எறக்குனோம். மண்ணு எல்லாத்தையும் உறிஞ்சிரும்."

கரண்டு அடித்தவனை மண்ணில் புதைத்தால் பிழைத்துக்கொள்வான் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்கள்.

ஒருவர் குப்புறப் படுத்துக் காதைத் தரையில் வைத்திருந்தார். "எறங்குது. சத்தம் கேக்குது" என்றார். எனக்கும் கேட்டது. காலுக்குக் கீழே, மண்ணுக்குள்ளிருந்து, வாயை மூடிக்கொண்டு ஒருவர் முனகுவதுபோல ஒரு சத்தம். மெயினை அப்போதே அணைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். அது என்ன சத்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் மூக்கில் விரலை வைத்தேன். மூச்சில்லை. "வெளிய எடுங்க, வெளிய எடுங்க" என்று அலறினேன்.

"எடுத்தா கரண்டு ரத்தத்துலயே நின்னுரும். பொழுது சாயட்டும்" என்று இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

சகோதரிகளே, அந்தப் பதில் எனக்கு மனப்பாடம். தினமும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வரவில்லை. மூளை துடைத்துவிட்ட சிலேட்டாக இருந்தது. நான்தான் காலையில் அதைக் கேட்டேன், நான்தான் வா என்று கூப்பிட்டுவிட்டேன் என்ற எண்ணம் மட்டும் வந்து என்னைப் போட்டு அமுக்கியது. அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன். "மண்ணை எடுத்து மனுஷனைச் செய்த ஆண்டவரே, இவரை மறுபடி மண்ணாக்கிவிடாதேயும். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. நீர் சொல்லும்" என்று ஜெபித்தேன். ஜெபம் என்றால் இவ்வளவுதான். கண்ணை மூடக்கூட இல்லை.

எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பேசினார்.

அவர் குரல்தான். இடது காதுக்கு அருகில். கொஞ்சம் கரகரப்பாக, காலையில் எழுந்ததும் பேசுவாரே, அந்தக் குரல். ஆனால் அவர் தலை எனக்கு முன்னால் தரையில் இருக்கிறது, உதடு அசையவில்லை, வாயோரம் மண். "தாக்கப்பட்டவரை உடனே வெளியே எடுக்க வேண்டும்" என்றது குரல். புத்தகத்தில் உள்ளது உள்ளபடி, ஒரு தடுமாற்றம் இல்லாமல். எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. அந்த வெயிலில் பல் கிட்டியது.

என்னைப் பிடித்திருந்த கைகள் திடீரென்று விலகின. ஏன் விலகின என்று நான் யோசிக்கவில்லை. ஓடிப்போய் மண்ணைப் பறித்தேன். அடுத்த நிமிஷம் அவர்களும் வந்து விழுந்து பறித்தார்கள். வெளியே இழுத்துப் போட்டோம். "குப்புறப் படுக்க வைக்க வேண்டும். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, வாயில் உள்ளதை எடுக்க வேண்டும்." விரலை விட்டு மண்ணை வழித்தேன். "முழங்கால் இரண்டையும் இருபுறமும் ஊன்றி, விலாவின் கீழே கையை வைத்து, மெதுவாக அழுத்த வேண்டும். விட வேண்டும்." புருஷன் மேல் கால் போட்டு ஏறி உட்கார்ந்தேன், ஊரே பார்க்க. அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன். விட்டேன். ஒருவர் சொம்பில் தண்ணீரோடு வந்தார். "தண்ணீர் கொடுக்கக் கூடாது" என்று குரல் சொன்னது. அவர் சொம்பைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் போனார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை மரத்துப்போயிற்று. "நிறுத்தக் கூடாது, நிறுத்தக் கூடாது" என்று குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அப்புறம் சொல்லவில்லை. அது நின்ற இடத்தில், என் கைக்குக் கீழே ஒரு விக்கல். ஒரு இருமல். மண்ணும் எச்சிலுமாகத் துப்பினார். பிறகு ஒரு மூச்சு, கிணற்றுக்குள் வாளி உரசி ஏறுவதுபோல இழுத்து இழுத்து வந்தது. நான் அவர் முதுகிலேயே விழுந்து அழுதேன்.

அருப்புக்கோட்டைக்குப் போகிற பருத்தி லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிணற்றுக்காரரும் கூட வந்தார். வழியெல்லாம் என்னிடமிருந்து தள்ளியே உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கேட்டார்.

"தாயி, ஒம்மேல வந்தது யாரு?"

எனக்குப் புரியவில்லை.

"ஆம்பளக் கொரல்ல பேசுனயே. அவுக கொரல்லயே பேசுனயே. வெளிய எடுக்க வேண்டும்னு நீ சொல்லவும் எங்களுக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு. செத்தவரே ஒம்மேல ஏறிட்டாருன்னு நெனச்சோம். இல்லாட்டி நாங்க எடுத்திருக்க மாட்டோம்."

நான் பின்னாலிருந்து கேட்டது, அவர்களுக்கு என் வாயிலிருந்து கேட்டிருக்கிறது. எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பயந்துதான் கையை விட்டார்கள், பயந்துதான் தோண்டினார்கள். நான் கெஞ்சியதற்கு இரங்காதவர்கள் அதற்கு அடங்கினார்கள்.

எங்கள் போதகரிடம் சொன்னேன். "அம்மா, பிழைத்ததைச் சபையில் சொல்லுங்கள். குரலைச் சொல்ல வேண்டாம்" என்றார். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. "என் கொரலா? வரிசையாச் சொல்லுச்சா? அப்ப அது நான் இல்ல" என்றார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது முகம் வெளுத்துவிட்டது. யார் பேசினார் என்று நான் தோண்டித் துருவவில்லை. ஆண்டவரிடம் கேட்டேன், கொடுத்தார். கொடுத்த விதம் அவருடைய இஷ்டம்.

அடுத்த தடவை மதுரைக்குப் போய்ப் பரீட்சைக்கு உட்கார்ந்தார். பாஸ் ஆனார். அதோடு புத்தகத்தைக் கட்டி வைத்துவிடவில்லை. கை மறந்தால் உயிர் போகும் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. புது விதி, புது மீட்டர், புதுச் சுவிட்சு எது வந்தாலும் வாங்கி வந்து வாசிக்கச் சொல்வார். எழுபதுகளில் ஒரு புதுப் புத்தகத்தில், முதுகை அழுத்துவதைவிட வாயோடு வாய் வைத்து ஊதுவதே மேல் என்று போட்டிருந்தது. வாசித்துவிட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். "செஞ்சு பாத்தாத்தான வரும்" என்றார் அந்த மனுஷன். கதவைச் சாத்திவிட்டுப் பழகினோம். சிரித்துச் சிரித்து ஊதவே முடியவில்லை.

கிணற்றுக்காரர் ஒருநாள் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்தார். "அந்த மந்திரத்த எங்க ஊருக்கும் சொல்லிக் குடு தாயி" என்றார்.

"மந்திரமில்ல பெரியவரே. அது பரீட்சைக் கேள்வி" என்றேன்.

போய்ச் சொல்லிக் கொடுத்தேன். சபைப் பெண்களுக்கும் ஆராதனை முடிந்ததும் ஒரு தலையணையைப் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன். ஜெபியுங்கள். அழகான வார்த்தை வேண்டாம், ஒன்றும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு ஜெபியுங்கள். எழுந்து கையால் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். பதில் நீங்கள் நினைத்த முகத்தோடு வராது. நடுங்க வைத்துக்கொண்டும் வரும். அதற்காகக் காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள்.

இதை எழுதுகிற இந்த மத்தியானத்தில் அவர் உள்ளே கயிற்றுக் கட்டிலில் தூங்குகிறார். குறட்டை தெருமுனைவரை கேட்கும். "எப்படித்தான் இந்தச் சத்தத்தோட இருக்கீகளோ" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். இடையில் ஒரு தரம் அந்தச் சத்தம் நின்றுபோகும். நான் பேனாவை வைத்துவிட்டு, அசையாமல் இருப்பேன். வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு புர்ரென்று இழுப்பார். தோத்திரம் ஆண்டவரே என்று சொல்லிவிட்டு அடுத்த வரியை எழுதுவேன்.