மிச்சம் ஆறு சன்னம்

உதயகலாவுக்கு நாற்பத்துநாலு வயது. மிருசுவில் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மரவள்ளி, ஒரு தையல் மெசின், ஒரு ஒற்றைக்குழல் துவக்கு, இவ்வளவும்தான் அவளுடைய ஆஸ்தி. மெசினையும் துவக்கையும் ஒரே எண்ணெய்ப் போத்தலால்தான் துடைப்பாள்.

கணவர் செந்தூரன் நெஞ்சு வருத்தம் வந்து இறந்தபின், காட்டுப்பன்றிக் காவலுக்கு இருந்த அந்தத் துவக்கின் அனுமதிப்பத்திரத்தை அரசாங்கக் கச்சேரிக்கு அலையாய் அலைந்து தன் பெயருக்கு மாற்றினாள். ஊரில் சிலருக்கு அது செமிக்கவில்லை. விவசாயிகள் சேர்ந்த கமக்கார அமைப்பின் செயலாளர் கந்தப்புவுக்கு அறவே செமிக்கவில்லை.

"பிள்ளை, துவக்கெண்டது ஊசி நூலில்லை," என்றார் ஒருநாள்.

"ஓம் அண்ணை. ஊசி தப்பினால் என்ரை விரலிலைதானே குத்தும்," என்றாள் அவள். கந்தப்புவுக்கு அது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வருஷக் கடைசியில் அனுமதியைப் புதுப்பிக்க அமைப்பின் கடிதம் வேண்டும். கடிதம் இல்லையென்றால் துவக்கு பொலிசுக்குப் போகும், மரவள்ளி பன்றிக்குப் போகும். அந்த மரவள்ளியை நம்பித்தான் மகள் பிரசாந்தி கம்பஸ் போய்க்கொண்டிருந்தாள்.

தோட்டா வாங்குவதிலும் உதயகலா துணி வாங்குவதுபோலத்தான், இலேசில் திருப்திப்படமாட்டாள். சின்ன ஈயக் குண்டுகளாய்ச் சன்னம் நிறைய அடைத்த தோட்டா குருவிக்குக் காணும். பன்றியை அது கொல்லாது, காயப்படுத்தி வெறிகொள்ள வைத்து ஊருக்குள் அனுப்பும். ஆகவே பெரிய சன்னம் ஒன்பது உள்ளதையே எடுத்தாள். எடுத்த கையோடு, இரண்டு சீமெந்துப் பைகளைப் பிரித்து, தையல் சோக்கால் ஒவ்வொன்றிலும் ஒரு பன்றியை வரைந்தாள். வயல்கரையில் மண்மேடு ஒன்றின் முன்னால் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றை இருபத்தைந்து காலடியில் நின்றும் மற்றதை நாற்பது காலடியில் நின்றும் சுட்டாள்.

கிட்டச் சுட்ட கடதாசியில் ஒன்பது ஓட்டையும் பன்றியின் தோளுக்குள். எட்டச் சுட்டதில் மூன்றே மூன்று. அன்றே தன் காவல் கொட்டிலைச் சுற்றி இருபத்தைந்து காலடியில் தடிகளை நட்டு, வெட்டி மிஞ்சிய சிவப்புத் துணியைக் கட்டிவிட்டாள். துணிக்கு அங்கால் நிற்கும் பன்றி அவளுக்குப் பன்றியே இல்லை.

"கடதாசியைச் சுட்ட முதல் ஆள் நீதான் பிள்ளை," என்று சிரித்த கந்தப்பு, இரண்டு தோட்டாக்களைக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளேயிருந்த சன்னத்தைக் கொட்டிவிட்டு, குருநகரில் வலைக்குக் கட்டும் ஈயத்தைத் தானே அடைத்திருந்தாராம். "இது யானையையும் விழுத்தும்."

அவள் இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒன்று மற்றதைவிடக் கனம்; எது எப்படி வெடிக்குமென்று சொல்ல முடியாது. இரண்டையும் திருப்பிக் கொடுத்தாள். கந்தப்புவின் முகம் கறுத்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பன்றி வந்தது, கடா மாடு அளவில். கந்தப்பு தகரம் அடித்துக்கொண்டே அதைக் கொட்டிலை நோக்கித் துரத்தினார். சிவப்புத் துணிக்கு அங்கால், நாற்பது காலடியில், அது நின்று தலையைத் தூக்கியது. "சுடு! சுடு!" என்று அவர் கத்தினார். உதயகலாவின் விரல் விசைக்கு வெளியிலேயே இருந்தது. பன்றி திரும்பி வேலியை உடைத்துப் போய், கந்தப்புவின் தோட்டத்தில் நாற்பது மரவள்ளியைக் கிளறிவிட்டுத்தான் ஓய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் கூட்டம். கந்தப்பு எழும்பினார்.

"பண்டியை நான் இவளின்ரை மூஞ்சைக்கு நேரை கொண்டுவந்து நிப்பாட்டினன். பயந்துபோய் விட்டிட்டாள். துவக்கை ஒரு ஆம்பிளையின்ரை பேருக்கு மாத்துவம்."

உதயகலா ஆறுதலாக எழும்பி, பையிலிருந்து எட்டச் சுட்ட கடதாசியை எடுத்து விரித்தாள்.

"இது நாப்பது காலடியிலை சுட்டது. தோட்டாவிலை ஒன்பது சன்னம். கடதாசியிலை மூண்டு. மிச்சம் ஆறும் எங்கை போச்சு எண்டு எனக்குத் தெரியாது." கடதாசியைக் கந்தப்புவின் பக்கம் திருப்பினாள். "அண்டைக்குப் பண்டிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் ஆர் அண்ணை நிண்டது?"

தகரத்தோடு ஓடிவந்த ஆள் தான்தான் என்பது அப்போதுதான் கந்தப்புவுக்கு உறைத்தது. அவருடைய கை தானாக நெஞ்சைத் தடவியது. பின்வரிசை வாங்கில் இருந்த பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள்; பிறகு வாசிகசாலை முழுக்கச் சிரித்தது.

"அப்ப... என்னைக் கண்டுதான் விட்டனியோ?" என்று மெல்லக் கேட்டார்.

"உங்கடை வெள்ளைச் சால்வை தெரிஞ்சது, அண்ணை. பண்டி நாளைக்கும் வரும்."

கந்தப்பு கதிரையில் இருந்தார். அமைப்பின் கடிதத்தாளை முன்னால் இழுத்து வைத்து, நெஞ்சுப் பையிலிருந்து பேனையை எடுத்தார்.